ஜெராமில் உப்பு பார்த்தேன்

மலேசியாவின் ஜெராம் ஊரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. தவக்கால வெள்ளிக்கிழமை மதியம். கடைக்காரர் அந்தோணி கத்தோலிக்கர். இன்று இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம். அவர் மனைவி மரியாம்மா ஆர்த்தடாக்ஸ் சபை. நோன்பு முடியும்வரை மீனையும் தொடமாட்டார். ஆனால் மீன்குழம்பு வைப்பவர் அவர்தான்.

போப்பும் ஆர்த்தடாக்ஸ் தலைவர் ஒருவரும் கட்டித் தழுவும் படத்தை அந்தோணி கைபேசியில் காட்டுகிறார்.

"ரெண்டு சபையும் சீக்கிரம் ஒன்னாயிரும்லா. அப்புறம் இவளும் மீன் சாப்பிடுவா."

"ஒன்னானா இவருதான் மீன விடுவாரு," என்கிறார் மரியாம்மா. "அதுக்குத்தான் நானும் தினமும் ஜெபம் பண்றேன்."

பிறகு, சாப்பிட வந்து உட்கார்ந்திருக்கும் என் பக்கம் திரும்புகிறார். "தம்பி, நீங்க எந்தச் சபை?"

"நான் இந்துங்க, அக்கா."

"நல்லதாப் போச்சு. நீங்களே உப்பு பாருங்க. இவரு நாக்குக்கு ஒன்னும் தெரியாது."

கரண்டியில் ஊற்றித் தருகிறார். உப்பு குறைவு என்கிறேன். மரியாம்மா ஒரு கை உப்பு போட்டுவிட்டுத் தட்டு எடுக்கத் திரும்புகிறார். அதைக் கவனிக்காத அந்தோணி, தன் பங்குக்கு இன்னொரு கை போடுகிறார். நான் வாய் திறப்பதற்குள் சோற்றில் குழம்பு விழுந்துவிடுகிறது.

இருவரும் நான் சாப்பிடுவதையே பார்க்கிறார்கள்.

"இப்ப உப்பு சரியா தம்பி?"

"ரெண்டு சபையும் சேர்ந்திருக்கு, அக்கா," என்று சொல்லித் தண்ணீர் கேட்கிறேன்.