லோகர், லவ்கர்

தேஹு ரோடு ஸ்டேஷனுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருந்தது. மாமா முன்னால் நடந்தார். நான் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே பின்னால் போனேன். செம்மறியின் மயிரில் ஒரு பிசுக்கு உண்டு. பழைய நெய்யா, ஈரச் சாக்கா என்று சொல்ல முடியாத வாசனை. கழுவ மனம் வரவில்லை. வேலை கிடைக்காமல் திரும்புகிறோம் என்பது எனக்கு அதற்கு அடுத்த சங்கதிதான்.

மாமா ஏரவாடாவில் ஒரு சலூனில் பதினைந்து வருஷம் முடி வெட்டினார். தாடி மழிக்க உட்கார்ந்தவர்களோடு மராத்தியில் அரசியல் பேசிச் சண்டைகூடப் போட்டிருக்கிறார். முதலாளியின் மகன் தொழிலுக்கு வந்ததும் மாமாவின் நாற்காலி போய்விட்டது. அங்கே மராத்திப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றிருந்த என்னை, அம்மா அவரோடு அனுப்பினாள். வேலை நிலைக்கிற ஊரில் என்னைப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை.

நாங்கள் வேலை தேடிப் போன கிராமத்தில் பழைய தானியக் கிடங்கை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளவும், வருகிற பிள்ளைகளுக்கு ஆட்டுமயிர் கத்தரித்துக் காட்டவும் ஓர் ஆள் தேவை. தங்க அறை உண்டு. பள்ளிக்கூடம் அடுத்த சுவர். ஆட்டுக்கு முடி வெட்டத் தெரியுமா என்று மாமாவைக் கேட்டேன்.

"தலை தலைதாம்ல. ஆடு கண்ணாடி பாத்துக் குறை சொல்லாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

கிடங்குக்குள் நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். விதை போடும் குழாய், கிணற்றில் நீர் இறைக்கும் தோல்பை, மாட்டு மணி. வாசலில் சேறு அப்பிக் கிடந்த ஏரைப் போலவே இன்னொன்று உள்ளே சீட்டு ஒட்டிக்கொண்டு நின்றது. எந்த நாளில் ஓர் ஏர் வெளியிலிருந்து உள்ளே வரத் தகுதி பெறுகிறது என்று கேட்டேன். பொறுப்பாளரான ஓய்வுபெற்ற வாத்தியார் குருஜி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பள்ளியில் சேர்ந்ததும் கேள் என்றார்.

ஆட்டைக் கொண்டுவந்தவள் ஓர் இடைச்சி. எல்லோரும் அவளை மௌஷி, அதாவது சித்தி, என்றார்கள். புருஷன் போனபின் மந்தையை விற்றுவிட்டு, இந்த ஒரு கறுப்புச் செம்மறியை மட்டும் வைத்திருந்தாள். புருஷனின் பெரிய கத்தரியையும் அருங்காட்சியகத்துக்கென்று கொண்டுவந்திருந்தாள். தானே கத்தரித்துக் காட்டுகிறேன் என்று சொன்னபோது திண்டில் சாய்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெண்கள் கத்தரி தொடுகிற வழக்கம் இல்லையாம். "நீ ஆட்டைப் பிடி மௌஷி, அது போதும்" என்றார் ஒருவர். மாமா சிரிக்கவில்லை. கத்தரியின் கூரைக் கட்டைவிரலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டைச் சாக்கின்மேல் சாய்த்தோம். பின்னங்கால்கள் என் கையில். கழுத்தில் ஒரு சாண் அழகாகவே வந்தது, குருஜி தலையாட்டினார். அப்போது மௌஷி குனிந்து, "லோகர், லோகர்!" என்றாள். லோகர் என்றால் கம்பளி மயிர். மயிர் துண்டுபடாமல் பார்த்து வெட்டு என்கிறாள்.

மாமா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "ஹோ, லவ்கர், லவ்கர்!" என்றார். லவ்கர் என்றால் சீக்கிரம். அவ்வளவுதான், கத்தரி பறந்தது. மயிர் துண்டு துண்டாகச் சிதறியது. "அரே, லோகர்! லவ்கர் நாஹி!" என்று குருஜி கத்தக் கத்த, மாமா பணிவாகத் தலையாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக வெட்டினார். சிரிப்பில் எனக்குப் பிடி நழுவப் பார்த்தது.

மௌஷிக்குப் பொறுக்கவில்லை. கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள். ஆட்டின் தலையைத் தன் முழங்காலில் சாய்த்து, தோலோடு ஒட்டிக் கத்தரியை ஓட்டினாள். மறுபக்கத்து மயிர் முழுவதும் ஒரே விரிப்பாகக் கழன்று சாக்கில் விழுந்தது. திண்டில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குருஜி அந்த விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளிடம், எப்போதிலிருந்து வர முடியும் என்று கேட்டார். எங்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள்.

வழியில் நான் மாமாவை விடவில்லை. "லோகர்னா கம்பளி மாமா. இதுகூடவா தெரியாது? நான் மூணாங்கிளாஸ்லயே படிச்சேனே."

"படிச்சவன் சொன்னாச் சரியாத்தாம்ல இருக்கும்" என்றார்.

எனக்கு அன்று நடை தெரியவில்லை. அதற்குப் பின் நான் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. அப்போது அது ஒரு லாபமாகத்தான் தோன்றியது. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்தோம்.

மறுநாள் காலை மாமாவுக்கு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் ஆள் கூவி ஏற்றும் வேலை கிடைத்தது. ரயில் வந்ததும், "சலா, லவ்கர் சலா! லவ்கர், லவ்கர்!" என்று மராத்திக்காரனே திரும்பிப் பார்க்கும்படி சுத்தமாகக் கூவினார். முதல் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நான், நேற்றுச் சொல்லிக்கொடுத்ததை மனுஷர் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார் என்று பெருமைப்பட்டேன்.