பத்மாவுக்கு நான் கொடுத்த வெள்ளை பிஸ்கட்

இன்று மதியம் பேத்தி வீட்டு ஓவனிலிருந்து இருபத்திரண்டு வெள்ளை பிஸ்கட் இறங்கியது!

மாவு கிடையாது, எண்ணெய் கிடையாது. முட்டையின் வெள்ளையும் சர்க்கரையும் மட்டும்தான்.

பேத்திக்கு ஒரே ஆச்சரியம்.

“ஆயா, இதுக்குப் பேரு மெராங். யூடியூப்ல பாத்து மூணு வாட்டி செஞ்சேன், மூணு வாட்டியும் ஊத்திக்கிச்சு. ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

செஞ்சியில் ஓவனே இல்லாத காலத்தில் தணலில் சுட்டவள் நான் என்றேன். (நம்பவில்லை! ஐந்தாங்கிளாஸ் ஆயா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள் என்ற நினைப்பு.)

ஆனால் இந்தப் பிஸ்கட்டால்தான் என் பத்மாவை இழந்தேன். அதைப் பேத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பதினாறு வயது. புதுச்சேரியிலிருந்து எங்கள் ஊருக்கு வேலையாக வந்த ஒரு நர்சம்மா வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தேன்.

வீட்டுக்காரர் உடம்பு தேற வேண்டுமென்று மஞ்சள் கருவை மட்டும் பாலில் அடித்துக் கொடுப்பார் நர்சம்மா. மிஞ்சிய வெள்ளையில்தான் இந்தப் பிஸ்கட்.

பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வெள்ளை நுரைக்காது. வேர்க்கடலை எண்ணெய் படாத பாத்திரம் எங்கள் ஊரில் ஏது! சாம்பல் போட்டுத் தேய்த்து, எலுமிச்சை மூடியால் துடைத்து, ஈர்க்குச்சிகளைக் கட்டாகக் கட்டி அடிக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும்.

“பாத்திரத்த ஒன் தலைமேல கவுத்துடீ. வுழலன்னா பதம். வுழுந்துச்சின்னா அப்டியே தலைக்கு ஊத்திக்கோ” என்பார் நர்சம்மா. (இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன்!)

சமையல் முடிந்து தணல் அடங்கியதும், மணல் பரப்பிய சட்டிக்குள் தட்டை வைத்து மூடி, மூடிமேல் நாலு கங்கு. சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும்.

பத்மா நைனார் வீட்டுப் பெண். எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பங்களை அப்படித்தான் சொல்வோம். கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும்.

ஐந்தாங்கிளாஸ் வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் நின்றுவிட்டேன், அவள் மேலே படித்தாள். படித்ததையெல்லாம் சாயங்காலம் கிணற்றடியில் எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். இன்று இந்த நாலு வரியை நானே எழுதுகிறேன் என்றால் அது அவள் போட்ட பிச்சை.

வரும்போதெல்லாம் மடியில் கடலை உருண்டை கொண்டுவருவாள். நான் திருப்பி என்ன கொடுப்பது? எங்கள் வீட்டில் கருவாடு புழங்கும் சட்டி.

இந்தப் பிஸ்கட்டைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. மஞ்சள்தானே குஞ்சாகிறது? அதை எடுத்துவிட்டால் மீதி வெறும் தண்ணீர், அதில் முட்டை ஏது என்று மனதார நம்பினேன்.

நர்சம்மாவிடம் கேட்டு நாலு பிஸ்கட்டை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

“இன்னாடி இது, பஞ்சு மிட்டாயா?”

“தின்னுதான் பாரேன்.”

“கறி கிறி பட்ட பாத்திரம் இல்லியே?”

“சீ, போடி! சாம்பல் போட்டு நானே தேச்சேன். எண்ணெகூட படல.”

ஒன்று தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று.

“ஐயோ அஞ்சல, வாயில போட்டா காணாமப் பூடுது! இன்னாதான் போட்ட? சொல்லு, எங்கம்மாவ செய்யச் சொல்றேன்.”

அவளுக்கு நான் பாடம் சொல்லும் நாள் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“முட்டையில மஞ்சள எடுத்துட்டு, வெள்ளய மட்டும்...”

மூன்றாவது பிஸ்கட் அவள் கையிலிருந்து விழுந்தது.

திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் சேந்தி வாய் கொப்பளித்தாள். மறுபடியும் சேந்தினாள், மறுபடியும் கொப்பளித்தாள்.

“மஞ்சளத்தான் எடுத்துட்டேனே பத்மா...” என்று அழுதேன்.

“நீ தெரியாம குடுத்த. அழுவாத. தின்னது நான்தானே.”

மறுநாள் அவள் கிணற்றடிக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அவள் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்கும் தைரியம் இல்லை.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். அவள் அம்மாவே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

வெயில் இருக்கும்போதே பந்தி போட்டார்கள். மாப்பிள்ளை லட்டை விண்டு ஊட்டப்போனார். பத்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பொண்ணுக்கு வெக்கத்தப் பாருடி!” பந்தல் முழுக்கச் சிரிப்பு.

அவள் அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“வெக்கம் இல்ல அஞ்சல. அன்னிக்கே கோயிலுக்குப் போயி இனிப்ப வுட்டுட்டா. தெரியாம தின்னதுதானே, ஒரு மாசம் வுட்டாப் போதும்னு சொன்னேன். ‘எனக்கு அது ருசியா இருந்துச்சேம்மா’ன்னா. இனிமே உசுரு இருக்கவரைக்கும் தொடமாட்டா.”



கை கழுவப் போகிற சாக்கில் பத்மா என்னிடம் வந்தாள். இலையில் இருந்த முழு லட்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“எனக்கும் சேத்து நீ தின்னுடீ.”

அவள் பார்க்கப் பார்க்கத் தின்றேன். ஒரு துணுக்கு விடவில்லை. இனித்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவளை வந்தவாசிப் பக்கம் அழைத்துப் போனார்கள். அதோடு சரி, அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை.

இதைப் படிக்கிற நீங்கள் சொல்லுங்கள். “இன்னா போட்ட?” என்று அவள் கேட்டபோது, “வெறும் சக்கரதான்டி” என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாமா?

ஒரு நாள் சொல்லியிருக்கலாம் என்று படுகிறது. மறுநாளே, அவளிடமா பொய் சொல்வது என்று படுகிறது.