கொடுவாவின் செட்டையும் சூசை அண்ணனின் மானமும்

ஸ்பிரிட் மணமும் மீன் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எனக்கு முல்லைத்தீவுக் களப்புக்கரைதான் நினைவுக்கு வரும்...

செய்திக்காக நான் அங்கே அடிக்கடி போய்வந்த காலம். வவுனியாவில் இருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண், கரைக்கு வரும் கொடுவா மீன்களின் செட்டையில், அதாவது துடுப்பில், நகமளவு வெட்டி ஸ்பிரிட் போத்தலில் போடுவார். களப்பு மீனும் கூட்டில் வளர்க்கும் மீனும் ஒரே வம்சமா என்று பார்க்கும் வேலை.

அந்த மாரி வெள்ளத்தில், களப்பில் வலைக்கூடு போட்டு மீன் வளர்த்த றெஜினா அக்காவின் கூடு கிழிந்தது. விற்கும் பருவத்துக் கொடுவாக்கள். ஒரு சிலதான் மிஞ்சின. அடுத்த நாளே சூசை அண்ணனின் வலையில் பெட்டி நிறையக் கொடுவா!

"வெள்ளமோ? கூட்டை வெட்டினது நீதானடா, கள்ளன்!" துறையில் நின்று கத்தினார் அக்கா.

"மீனில உன்ர பேர் எழுதிக் கிடக்கோ?"

இப்படியான வழக்கு அங்கே கோயில் சத்தியத்தோடு முடிந்துவிடும். ஆனால் இருவருமே சத்தியத்துக்குத் தயாராக நின்றார்கள். பங்குச் சுவாமியார் கையை விரித்தார்.

"ரெண்டு பேரும் உண்மையெண்டு நம்பித்தான் நிக்கிறியள். நான் ஆரைப் பொய்யாக்கிறது?"

சூசை அண்ணன் ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்தார்.

"பிள்ளை, என்ர பெட்டியிலயும் வெட்டுங்கோ, அவவின்ர கூட்டில மிஞ்சினதிலயும் வெட்டுங்கோ. மீன் சொல்லட்டும்."

முடிவு வர மாதக்கணக்கானது. அதுவரை, "கூட்டு மீனோ அண்ணை?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அவரிடம் விலை பேசினார்கள். அவர் மீனை நிறுத்துக் கொடுத்தார்.

ஒரு காலை அந்தப் பெண் துறைக்கே வந்து சொன்னார். குஞ்சு பொரிக்கும் பண்ணையில் இருந்து வாங்கிவிட்ட கூட்டு மீன்கள் ஒரு சில தாய்மீன்களின் பிள்ளைகள், ஒன்றுக்கொன்று சகோதரம். அண்ணனின் பெட்டியில் இருந்தவையோ பல தாய்தகப்பனுக்குப் பிறந்தவை. கூட்டுக்கும் அவற்றுக்கும் உறவே இல்லை. வெள்ளத்தோடு கரைக்கு ஒதுங்கிய களப்பு மீன்கள்.

றெஜினா அக்கா மெல்ல அண்ணனுக்குக் கிட்டப் போனார்.

"சூசை, நான் பிழையாக் கதைச்சிட்டன்..."

"காதுக்குள்ள சொல்லாதை. கத்தின இடத்தில நிண்டு கத்து."

கத்தினார்.

"சூசை கள்ளனில்லை! எல்லாருக்கும் கேட்டுதோ?"

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

இப்போது அந்தக் களப்பில் கூடுகள் பெருகிவிட்டன. கூட்டில் மீன்குஞ்சு விடும்போதே செட்டையில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வைக்கிறார்கள். சண்டை வந்தால் முடிவு போனுக்கே வந்துவிடும். நல்ல விஷயம்தான்.

மன்னிப்பும் போனிலேயே போகிறது... துறைக்குக் கேட்பதில்லை.