யன்னலில் தொங்கிய கூறைச்சேலை

கோப்பன்ஹேகன் ரயில் நிலைய வாசலில் செஸ்நட் கொட்டை சுடும் புகை மூக்கில் ஏறும்போதெல்லாம், டென்மார்க்கில் இருந்த அப்பாவிடம் வந்து சேருமுன் ஓர் இலையுதிர்காலம் முழுக்க அம்மாவும் நானும் அடைபட்டுக் கிடந்த, இன்று ஆளொழிந்துவிட்ட அந்த இத்தாலிய மலையுச்சிக் கிராமத்துக்குப் போய்விடுகிறேன். விசா இல்லாமல் எங்களைக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்ட் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவான். கீழ்வீட்டில் கொட்டைகளை உலர்த்த மூட்டிய தீயின் புகை தரைப்பலகை இடுக்குகளால் ஏறி எங்கள் தலைமயிரிலும் போர்வையிலும் படியும். கல் பதித்த தெருவில் பெண்கள் கதைப்பதும் மாதா கோயில் மணியும் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஊர்ப் புனிதரின் திருநாளன்று யன்னல்தோறும் பட்டுத்துணி தொங்கியது. பாட்டோடு சுற்றுப்பிரகாரம் வந்த புனிதரின் சுரூபம் ஒவ்வொரு துணியின் கீழும் நின்று நகர்வதை யன்னல் இடுக்கால் பார்த்த அம்மா, பையிலிருந்து தன் கூறைச்சேலையை எடுத்தார்.

"வேண்டாம் அம்மா, பொலிசிட்டப் பிடிச்சுக் குடுத்திடுவினம்," என்றேன்.

"குடுக்கட்டும். மன்னாரில எங்கட வாசல்ல நிக்காமல் சுரூபம் போனதே இல்லை."

யன்னலைத் திறந்து சேலையைத் தொங்கவிட்டார். பாட்டு நின்றது. சுரூபத்தைத் தூக்கி வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, தங்களுக்குள் ஏதோ பேசி, பிறகு அதை மெல்ல எங்கள் பக்கம் திருப்பினார்கள். அம்மா முழந்தாளிட்டு அழுதார்.

யாரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. யாரும் வந்து கதவைத் திறக்கவும் இல்லை.