ஓரத்தில் பென்சில் குறி இல்லாத அறிக்கை

என் மேசையின் கடைசி இழுப்பறையில் மூன்று பக்க அறிக்கை ஒன்று இருக்கிறது. காரிமங்கலத்துக்கு வெளியே உள்ள ஒரு நாட்டு ஓட்டு வீட்டைப் பற்றி நான் எழுதிக் கையெழுத்துப் போட்டது. அதன் ஓரம் சுத்தமாக இருக்கிறது. அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்திலிருந்து போன மற்ற அறிக்கைகளின் நகல்களை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடிப் பொடியாகப் பென்சில் எழுத்து இருக்கும். இதில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

பென்சில் எங்கள் டைப்பிஸ்ட் அக்காவுடையது. தர்மபுரியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு மாடியில் ஒன்றரை அறை அலுவலகம். பழைய வீடு வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ச் சுவர், கூரை, மரம், தரை எல்லாவற்றையும் பார்த்து, வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதித் தருவேன். என் கோழிக் கிறுக்கலைப் படித்துக் கணினியில் அடிப்பது அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். "எனக்குக் கட்டடத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்று அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு, தெரிந்தவன் பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பார்.

அப்போது என்னிடம் மூன்று சொற்கள் கைவசம் இருந்தன: லேசான, ஆங்காங்கே, பொதுவாக. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள எந்த வீட்டைப் பற்றியும் எழுதிவிடலாம். 'ஆங்காங்கே லேசான பூச்சி அரிப்பு. பொதுவாக நல்ல நிலை' என்று எழுதினால் விற்பவருக்கும் வருத்தமில்லை, வாங்குபவருக்கும் பயமில்லை, எனக்கும் வம்பில்லை. அக்காவுக்குத்தான் ஆகாது. அடித்த தாளை என்னிடம் கொடுக்கும்போது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: 'லேசானன்னா எவ்ளோ?' 'ஆங்காங்கேன்னா எந்த ரூம்?' 'எந்தப் பூச்சி?'

"பூச்சின்னா பூச்சிதாங்கக்கா" என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன்.

"அதெப்படிங்க சார்? காசு குடுத்து வாங்கறவங்க மருந்து அடிக்கணும்னா எதுக்கு அடிப்பாங்க?"

நியாயம்தான். வேறு வழியில்லாமல் எழுத ஆரம்பித்தேன். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். மரத்தில் ஊசி முனைத் துளையும், கீழே மாவு போலத் தூளும் கிடந்தால் உளு வண்டு. இரண்டையும் 'பூச்சி அரிப்பு' என்று ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. மண் கோட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஊர்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்றும் சொல்ல வேண்டும். இதெல்லாம் நான் கல்லூரியிலேயே படித்ததுதான். எழுதத்தான் சோம்பல். அக்காவின் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: 'தட்டிப் பாத்தீங்களா?' கரையான் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். கண்ணால் பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருக்கும். தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் இன்னும் தெளிவாகத் தெரியும். அந்தப் பென்சிலுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே என்ற பயத்திலேயே நான் போகிற வீட்டிலெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் ஒருநாள் அக்கா தனக்கே வீடு பார்த்தார். கணவர் ஓசூரில் ஓட்டுநர், வாரம் ஒருமுறைதான் வருவார். பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள். பல வருட வாடகை வாசத்துக்குப் பிறகு காரிமங்கலம் பக்கம் அந்த ஓட்டு வீடு படிந்து வந்தது. "நீங்கதான் வந்து பாக்கணுங்க சார். நீங்க சரின்னா சரிங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டை விற்பவர் வயதான விவசாயி. முன்னறை, நடு அறை, சமையலறை எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தேன், தட்டினேன், குத்தினேன். பின்னறை வாசலில் பெரியவர் என்னை நிறுத்தினார்.

"ஆத்தா குடியிருக்கற எடமுங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

உள்ளே மூலையில், தரையிலிருந்து இடுப்பளவுக்குப் புற்று எழும்பியிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எதிரே ஒரு விளக்கு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் புற்று வந்தால் யாரும் இடிக்க மாட்டார்கள். தெய்வம் தானாக வந்து உட்கார்ந்ததாக எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். செருப்போடு கருவிப் பையையும் வெளியே வைத்துவிட்டுப் போய்க் கும்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். புற்றுக்கு நேர் மேலே உத்திரத்தின் ஒரு முனை சுவருக்குள் போயிருந்தது. விற்பதற்காகப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதைத் தட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆத்தாவின் தலைக்கு மேல் ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் குத்துவதா? பெரியவர் கை கூப்பியபடி பக்கத்திலேயே நின்றார். திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். புற்று என்றால் கரையான் வீடு என்பது, தட்டித் திரிந்த இந்தப் பெரிய இன்ஜினியருக்கு அந்த அறைக்குள் நின்றபோது நினைவுக்கே வரவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அறிக்கையில் எழுதினேன்: 'பின்னறை மரங்களில் லேசான, பழைய பூச்சி அரிப்பு. பொதுவாக நல்ல நிலை.' பழையது என்று எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அக்கா அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பென்சிலுக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம். ஓரம் வெறுமையாக இருந்தது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் குடிபோனபோது கோடை. புற்றை அக்காவும் அப்படியே வைத்துக்கொண்டார். பின்னறை குளுமையாக இருக்கிறது என்று மகளுக்குப் படிக்க மேசை போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். பிறகு முதல் மழை பெய்தது. மறுநாள் காலை, அக்கா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து வறுத்த ஈசல்.

"நேத்து சாயந்தரம் எங்கூட்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டிருச்சுங்க சார். முறத்துல அள்ளுனங்க. உங்களுக்குன்னு எடுத்து வெச்சன்."

எனக்கு ஈசல் என்றால் உயிர். இரண்டு பிடி வாயில் போட்ட பிறகுதான் கேட்டேன்.

"வாசல்லங்களா?"

"இல்லீங்க, ஆத்தா ரூம்ல. மேலருந்து. உத்திரம் செவுத்துல போவுதில்லீங்களா, அந்த ஓரத்துல ஒரு சந்துலருந்து வந்துகினே இருந்துச்சுங்க."

டப்பாவை மூடினேன். ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான். மண்ணிலிருந்து கிளம்பினால் மழை பெய்ததற்கு அடையாளம். உத்திரத்தின் முனையிலிருந்து கிளம்பினால், அந்த முனையும் அதைத் தாங்கும் சுவரும் அதன் வீடு என்று அர்த்தம். அந்த உத்திரத்துக்குக் கீழேதான் மேசை.

"பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்குங்களா?" என்றேன்.

"லீவுங்க. வூட்லதான் படிக்குது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொல்லவில்லை. அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து யாருடைய அறிக்கையையோ அடித்துக்கொண்டிருந்தார். சொன்னால், தட்டிப் பார்க்காததையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் பெய்த மழையில் ஓடு எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கும், எவ்வளவு கனத்திருக்கும் என்று மனது கணக்குப் போட்டது. வாயோ வேறு சொற்களைத் தேடியது. 'பின்னறையை மேலும் ஆய்வு செய்வது நல்லது' என்று சொல்லலாமா? 'ஒரு முன்னெச்சரிக்கைக்காக' என்று ஆரம்பிக்கலாமா? ஒரு பெண் பிள்ளையின் தலைக்கு மேலே உத்திரம் நிற்கிறது, நான் 'லேசான'வுக்கு இன்னொரு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக என்னை நான் மன்னித்ததில்லை.

கடைசியில் எழுந்துபோய் நின்றேன்.

"அக்கா, பாப்பாவுக்கு போன் போடுங்க. அந்த ரூம விட்டு வெளிய வரச் சொல்லுங்க."

"ஏங்க சார்?"

"அந்த உத்திரத்த நான் தட்டிப் பாக்கலைங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தார். புரிந்ததும் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் போட்டார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

கிருஷ்ணகிரி சாலையில் அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் பின்னும் நான் ஓட்டியதில்லை. பின்னால் அக்கா போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே வந்த ஒவ்வொரு ஓட்டு வீடும் என்னைப் பயமுறுத்தியது. கூரையைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதைப் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு அன்றுதான் உறைத்தது.

பாப்பா பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தது. போன் ஆத்தா அறை மேசையில், சார்ஜில் கிடந்தது. அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது விழித்தது. "என்னாம்மா, ஆபீஸ் இல்லியா?" என்று கேட்டது.

மேசையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் இருந்த ஏணியைப் புற்றை ஒட்டிச் சுவரில் சாய்த்தேன். இந்த முறையும் செருப்பைக் கழற்றியிருந்தேன். பையை மட்டும் விடவில்லை. ஆனாலும் கை போகவில்லை. அக்கா என் தயக்கத்தைப் பார்த்தார். கற்பூரம் ஏற்றினார், புற்றின் முன் விழுந்து கும்பிட்டார், எழுந்து என்னிடம் திரும்பினார்.

"குத்துங்க சார். ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. எம்புள்ள உக்கார்ற எடம்."

குத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. தடுக்க ஒன்றுமே இல்லை. பெயிண்டும், அப்பளம் போல ஒரு மேல்தோலும், உள்ளே ஈர மண்ணும் ஊரும் வெள்ளைக் கரையான்களும். அன்று மாலைக்குள் தச்சர் வந்து இரண்டு முட்டுக் கொடுத்தார். பிறகு முழு உத்திரத்தையும் கழற்றி மாற்றினார்கள். விற்ற பெரியவரைச் சந்தையில் பார்த்தபோது, "கேட்டிருந்தா நானே கற்பூரம் ஏத்திட்டு ஏணி புடிச்சிருப்பனே" என்றார். கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். கணினியில் அந்தப் பழைய அறிக்கையைத் திறந்துவைத்துவிட்டு, "சொல்லுங்க சார், திருப்பி அடிக்கறன்" என்றார்.

சொன்னேன். 'பின்னறை, மேற்குச் சுவர், உத்திரத்தின் சுவர் முனை. கரையான், உயிருடன் உள்ளது. முனையிலிருந்து மூன்று முழம் வரை உள்ளே மரம் இல்லை. முதல் ஆய்வின்போது இந்த உத்திரம் தட்டிப் பார்க்கப்படவில்லை.' கடைசி வாக்கியத்தில் விரல்களை நிறுத்தினார்.

"பார்க்கப்படவில்லைன்னா யாரு பாக்கலைங்க சார்?"

"நான் தட்டிப் பார்க்கவில்லைன்னு போடுங்க."

அடித்தார். அப்புறம் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எல்லாத்துக்கும் கேட்டங்க. இதுக்கு மட்டும் கேக்கல. நம்மூட்ட சார் பாக்காமயா வுட்டிருப்பாருன்னு நெனச்சிட்டன்."

இப்போது அக்கா ஓசூரில், மகள் வீட்டோடு இருக்கிறார். பேரனுக்கு நான்கு வயது என்று பொங்கலுக்குப் போன் செய்தபோது சொன்னார். அறிக்கைகளை நானே அடித்துக்கொள்கிறேன். பூச்சியின் பெயர், மரம், அறை, எவ்வளவு தூரம், உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன். கடைசியில், நான் பார்க்காத இடங்களை ஏன் பார்க்கவில்லை என்பதோடு எழுதுகிறேன். போன வாரம் நல்லம்பள்ளியில் ஒருவர், "என்னாங்க சார், காசு வாங்கிட்டு 'பார்க்கவில்லை'ன்னு எழுதிக் குடுக்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தார். மூடிக் கிடந்த ஒரு பரணைப் பற்றிய வரி அது. திறந்துவிடச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன் என்றேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசி இழுப்பறையைத் திறந்து, அந்தப் பழைய தாளை ஒருமுறை பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஓரம் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதிலெல்லாம் எனக்குப் பயமில்லை. என்னை நம்பி ஒருவர் கேட்காமல் விட்ட இடம் அது.