பெண் கேட்டு வந்தவர்களுக்கு என் பதில்

என் கணவருக்கு அறுபது முடிகிற சமயத்தில் அவருடைய அக்கா ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ எல்லாம் அடுக்கிக்கொண்டு சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே உறவுக்காரப் பெண்கள். எங்கள் உறவில் அறுபதாம் கல்யாணம் என்றால் இப்படி ஒரு விளையாட்டு உண்டு. அதே மாப்பிள்ளை, அதே பெண்தான். ஆனாலும் புதுச் சம்பந்தம் போலப் பெண் கேட்டு வருவார்கள். பெண்ணாகப்பட்டவள் வெட்கப்பட்டுச் சிரிக்க வேண்டும், மற்றவர்கள் கேலி செய்ய வேண்டும், பிறகு எல்லோருக்கும் கேசரி. திருப்பதியில் மண்டபம்கூடப் பேசியாகிவிட்டது.

"எங்க தம்பிக்குப் பொண்ணு கேட்டு வந்துக்கிறோம். இன்னாம்மா சொல்ற, இஷ்டமா?" என்றார் நாத்தனார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"விளையாட்டுக்குக் கேட்டீங்களோ நெசமா கேட்டீங்களோ, கேட்டுட்டீங்க அண்ணி. எனக்கு இஷ்டம் இல்ல" என்றேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "பொண்ணு பிகு பண்ணிக்கினு கீது பாரு" என்று ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் தாம்பாளத்தை எடுத்து நாத்தனார் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், பீடி சிகரெட் கிடையாது. தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷர் என்பார்கள். என்னோடு பேச மாட்டார், அது ஒன்றுதான். சண்டை போட்டு நிறுத்திய பேச்சில்லை; தொடங்கவே இல்லாத பேச்சு. மாமியார் இருந்தவரை அவர் வழியாகப் பேசினார். மகள் மழலையிலிருந்து தேறியதும் அவள் வழியாக. அவளுக்குக் கல்யாணமாகி பெங்களூர் போனபோது, இனி வேறு வழியில்லை, என் பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டேன். அவர் ஒரு செல்போன் வாங்கினார்.

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பெங்களூருக்கு அடிப்பார். "சாம்பார்ல உப்பு இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." கரண்டியோடு எதிரில் நிற்கிற எனக்கு உடனே போன் வரும். "அம்மா, உப்பு இல்லியாம்." இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றபோதெல்லாம், நான் ஒரு ஆள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

வேலைக்குப் போன இடத்தில்தான் நான் ஆளானேன். திருப்பதியில், வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிற ஒரு ஹாஸ்டலில் வார்டன் உத்தியோகம். பாகாலா வழியாக ரயிலில் போய்வருவேன். அங்கே "ஆண்ட்டி, தண்ணி வரல", "ஆண்ட்டி, இந்தப் புடவை நல்லாருக்கா" என்று என் உயிரை எடுப்பார்கள். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினால், அங்கே வாய்க்கு வேலையே இருக்காது. இந்த நிலையில் மறுபடியும் மாலை போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்து, அதே மனிதருக்கு இன்னொரு முறை கழுத்தை நீட்டுவதா? நீட்டினால் மிச்ச ஆயுசும் இப்படியேதான் போகும். விவாகரத்து வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மகள் பெங்களூரிலிருந்து ஓடிவந்தாள். "இந்த வயசுல இன்னாத்துக்கும்மா இது? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்களாச்சும் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

அவள் அழுதுகொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. பக்கத்து அறையிலிருந்து அவள் அப்பா. "உங்கம்மா இன்னா சொல்லிக்கினு கீறா?" என்று கேட்டது போனிலும் கேட்டது, சுவரைத் தாண்டியும் கேட்டது. மகள் போனையே பார்த்தாள். பிறகு, "நைனா, எழுந்து வந்து நீயே கேளு" என்று வைத்துவிட்டாள். அவர் வரவில்லை. அதன் பிறகு அவள் என்னைத் தடுக்கவும் இல்லை.

நான் ஹாஸ்டலிலேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டு மனு போட்டேன். அவர் சம்மதிக்காவிட்டால் கேஸ் இழுத்துக்கொண்டே போகும் என்று வக்கீலம்மா எச்சரித்தார். அவர் சம்மதிக்கவில்லை. அதை அவருடைய வக்கீல் மூலம் சொல்லி அனுப்பினார், வேறு எப்படிச் சொல்வார்! எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வழக்கு முடிவதற்குள் நானே முடிந்துபோவேனோ என்று படுக்கையில் புரண்டிருக்கிறேன்.

சித்தூர் கோர்ட்டில் எங்களைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார்கள். அந்த அம்மாள் நல்ல மாதிரி. "ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க, பேசினா எல்லாம் சரியாகும்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திடீரென்று கோபமெல்லாம் வடிந்து பாவமாக இருந்தது.

"இந்தாங்க" என்று கூப்பிட்டேன். "என் மூஞ்சியைப் பார்த்து, 'வேணாம், வீட்டுக்கு வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸ வாபஸ் வாங்கிக்கினு இப்பவே உங்க பின்னாடி வரேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் போயிருப்பேன், அது எனக்குத் தெரியும். அவர் உதடு அசைந்தது. ஏதோ வருகிறது என்றுதான் நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளுக்கு அடித்தார்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தார், அப்போதும் எடுக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்து, அந்த அம்மாளிடம் கேட்டார்: "கையெழுத்து எங்க போடணும்?"

அதன் பிறகு பரஸ்பரச் சம்மத வழக்காக அது மாறியது. கடைசி நாளில் கிளிப்பச்சைப் புடவை கட்டிக்கொண்டு திருப்பதியில் ரயில் ஏறினேன். ஹாஸ்டல் பெண்கள் தலையில் பூ வைத்து அனுப்பினார்கள். கோர்ட்டுக்குப் பூ வைத்துக்கொண்டு போகிறாளே என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும். சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நீதிபதி அம்மாள் என்னைவிடச் சின்னவர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எவரைனா பலவந்தம் சேசாராம்மா?" என்றார். யாராவது பலவந்தப்படுத்தினார்களா என்று எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. "லேது மேடம்", இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லித்தந்திருந்தார். என் வாய் அங்கே நிற்கவில்லை. பத்தொன்பது வயதில் நகரியில், பிறந்த வீட்டில் விசைத்தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே "வேணாம் நைனா, வேணாம்" என்று கத்தினேன். தறியை நிறுத்தாமலேயே முகூர்த்தம் குறித்தார்கள். அது அத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தொண்டைக்கு வந்தது. கல்யாணத்தைப் 'பெள்ளி' என்று தெலுங்கில் ஆரம்பித்த நாக்கு தமிழில் போய் முடிந்தது.

"பெள்ளிக்கிதான் பலவந்தம் பண்ணாங்க மேடம். இதுக்கு யாரும் பண்ணல."