கயிற்றின் இந்த முனை

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு கேட்டைத் திறக்கும்போது நான் இரண்டு காரியம் செய்வேன். செருப்பை மாட்டுவேன், மொழியை மாற்றுவேன். கேட்டுக்கு உள்ளே நின்று "உக்காரு" என்றால் எங்கள் நாய்க்குட்டி மணி பட்டென்று உட்காரும். கேட்டைத் தாண்டியதும் நான் "கூத்கோ" என்பேன். அதே சொல்தான், கன்னடத்தில். மணி என் முகத்தைப் பார்க்கும். பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும். பால் பாக்கெட் வாங்க வந்தவர்களும் கடை ஷட்டரைத் தூக்குகிறவர்களும் வேடிக்கை பார்க்க, நான் நாயைத் திட்டுவேன். அதையும் கன்னடத்தில்தான் செய்வேன்.

மைசூரு மண்டி மொஹல்லாவில் நாங்கள் குடியேறிப் பதினான்கு வருடம் ஆகிறது. எனக்கு ஊர் மேட்டூரை அடுத்த கொளத்தூர். இங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பு. மனைவி சுமதிக்கும் கொளத்தூர்ப் பக்கம்தான். மகள் மதுவுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள், கன்னடத்தில் கனவு காண்கிறவள். நாய் அவளுடையது. கூட வேலை பார்ப்பவர் வீட்டில் ஈன்ற குட்டிகளில் ஒன்றை அவள் அடம்பிடித்து வாங்கி வந்தாள். பெயர் மட்டும் நான் வைத்தேன். 'மணி' என்றால் இரண்டு பக்கத்திலும் செல்லும், கூப்பிடும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாய்க்குப் பெயர் வைப்பதில்கூட இவ்வளவு யோசித்திருக்கிறேன் என்பதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

கொளத்தூரில் யாரும் நாய்க்குப் பாடம் நடத்துவதில்லை. அது நடுரோட்டில் படுத்திருக்கும், பஸ் ஒதுங்கிப் போகும். இங்கே அப்படி முடியாது. எங்கள் சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே ஒன்று யார் வீட்டுப் படியிலாவது ஏற வேண்டும். ஆட்டோ, தள்ளுவண்டி, மூட்டை தூக்குபவர்கள், இடையில் மாடு. மணிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தடுப்பூசிகள் முடிந்ததும் வெளியே கூட்டிக்கொண்டு போய் மனிதர்களையும் சத்தங்களையும் பழக்குங்கள், தாமதித்தால் கஷ்டம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். வேகவைத்த கோழித் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் போனேன். தினமும் போனேன். மணி நாளுக்கு நாள் மோசமானது. வீட்டுக்குள் பூனைக்குட்டி போல மடியில் கிடப்பது, வெளியே ஒரு ஆள் 'குட் மார்னிங்' சொன்னால் பல்லைக் காட்டியது.

மாடியில் வீட்டுக்காரம்மா சாவித்ரம்மா இருக்கிறார். இத்தனை வருடத்தில் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஒருநாள் காலை பூ வாங்கிக்கொண்டு திரும்பியவர், கேட்டருகே எங்களைப் பார்த்து "பாரோ மணி" என்று குனிந்து கையை நீட்டினார். வாடா என்று செல்லமாகத்தான் கூப்பிட்டார். மணி பாய்ந்து அவர் சேலை முந்தானையைக் கவ்விக் கிழித்துவிட்டது. பூவெல்லாம் தரையில். அவர் நடுங்கிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "பேஜார் மாட்கோபேடி. ஒந்து திங்ளு நோடி" என்றார். வருத்தப்படாதீர்கள், ஒரு மாதம் பாருங்கள். அதற்குள் சரியாகாவிட்டால் நாயை வேறு எங்காவது விட்டுவிடச் சொன்னார். அடுத்த மாதம் ஷிமோகாவிலிருந்து அவருடைய மூன்று வயதுப் பேரன் வந்து தங்கப்போகிறான். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மது அன்று சாப்பிடவில்லை. "ஒரு மாசத்துல சரி பண்ணிடுவீங்கல்ல அப்பா?" என்றாள். சரி பண்ணிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் எப்போதிலிருந்து கேட்டில் மொழி மாற்றுகிறவன் ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த புதிதில், காவிரித் தண்ணீர்ப் பிரச்சினை சூடாக இருந்த ஒரு நாள், டீக்கடை வாசலில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் பேசுகிற குரலில், அதாவது பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும் குரலில். தெருமுனையில் கொடியோடு ஒரு கூட்டம் திரும்பியது. டீக்கடைக்காரர் என் முழங்கையை மெல்லத் தொட்டு, "ஃபோன் ஆமேலே மாத்தாடி சார்" என்றார். போன் அப்புறம் பேசலாம் என்று. அவ்வளவுதான் நடந்தது. கூட்டம் அதன்பாட்டுக்குப் போனது, யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். யாராவது அடித்திருந்தால்கூட இரண்டு மாதத்தில் ஆறியிருக்கும். இதுவோ ஆறவில்லை. அன்றிலிருந்து தெருவில் நான் தமிழ் பேசியதில்லை. சுமதியைப் பேச விட்டதில்லை. மது பேச ஆரம்பித்தபோது அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் ஒழுங்கு, வெளியே போனால் கன்னடம் என்பதுதான். அதற்குப் பிறகு பல வருடம் இந்த ஊர் எனக்குச் சோறு போட்டது, காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது. பயம் மட்டும் போகவில்லை. இங்கே வந்து சேர்ந்த உங்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியப்போவதில்லை, "அங்கென்ன அவ்வளவு பிரச்சினையா?" என்று கேட்பார்கள். பிரச்சினை ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் ஷோபா என்ற பெண் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு மணியையும் மதுவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷோபா எடுத்ததும் கேட்ட கேள்வி, "மனேல்லி யாவ் பாஷே மாத்தாட்தீரா?" வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள்? அவர் கேட்டது நாய்க்காக. எனக்குக் காதில் விழுந்ததோ நான் யார், எந்த ஊர் என்று ஒரு விசாரணை. வாய் தானாக, "கன்னடனே மேடம்" என்றது. மது என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஷோபா தலையாட்டிவிட்டு, அப்படியானால் வீட்டில் சொல்கிற அதே சொற்களை அதே குரலில் வெளியேயும் சொல்லுங்கள், ஆட்கள் வருமிடத்திலிருந்து தூரத்தில் ஆரம்பித்து, நாய் அமைதியாக இருந்தால் மட்டும் பத்தடி கிட்டே போங்கள், கயிறு எப்போதும் தொய்வாக இருக்கட்டும் என்றார். நான் இரண்டு வாரம் அதே தூரக் கணக்கை அச்சுப்பிசகாமல் செய்தேன். பூக்கடைக்கு எண்பது அடி, எழுபது அடி. கன்னடத்தில். மணி அறுபது அடியிலேயே குரைத்துத் தீர்த்தது. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மருந்து கேட்டால் மருந்தும் பொய்யாகத்தானே வேலை செய்யும்.

மூன்றாம் ஞாயிறு மதுவுக்குப் பொறுக்கவில்லை. ஷோபா முன்னால் போய் நின்று, "அப்பா சுள்ளு ஹேளித்ரு மேடம். மனேல்லி தமிழு" என்று போட்டு உடைத்துவிட்டாள். அப்பா பொய் சொன்னார், வீட்டில் தமிழ்தான் என்று. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஷோபா கோபப்படவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். "தமிழல்லே ஹேளி சார். நாயிகே காவேரி ஏன் கொத்து?" நாய்க்குக் காவிரியைப் பற்றி என்ன தெரியும், தமிழிலேயே சொல்லுங்கள். பிறகு என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்தார். பத்து நிமிடத்தில் மணி அவர் காலருகே உட்கார்ந்திருந்தது. சைக்கிள் போனது, இரண்டு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள், கன்னடத்தில்தான்; மணி வாலை ஆட்டியது. கயிறு என்னிடம் திரும்பி வந்தது. எதிரே ஒரு ஆள் வந்தார். மணி எழுந்து உறுமியது.

ஷோபா அதைத் தன் போனில் படம் பிடித்திருந்தார். எனக்குக் காட்டினார். எதிரே வந்த ஆளை மணி கவனிக்கவே இல்லை, அது புல்லை மோந்துகொண்டிருக்கிறது. அப்போது என் கை, எனக்கே தெரியாமல், கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிக்கிறது. நான் அரையடி ஒதுங்குகிறேன். அதன் பிறகுதான் நாய் நிமிர்ந்து, என்ன ஆபத்து என்று தேடுகிறது. "நாயிகே பய இல்லா சார், நிம் கைகே பய" என்றார் ஷோபா. நாய்க்குப் பயமில்லை, உங்கள் கைக்குத்தான் பயம். அந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்தேன். கழுத்தைச் சுருக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்குகிற அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி ஒரு வாரம் மிச்சமிருந்தது. செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது, அதைச் செய்வதுதான் மிச்சம் என்று நினைத்தேன். கயிற்றைத் தளர விட வேண்டும், தெருவில் வாயைத் திறந்து "உக்காரு" என்று சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள், என்னால் முடியவில்லை. ஒருநாள் சொல்லியே விட்டேன், ஆனால் ரகசியம் பேசுகிற குரலில். ஆட்டோ சத்தத்தில் நாய்க்குக் காதில் விழவில்லை. சுமதியை அனுப்பலாம் என்றால் அவளுக்கு விடிகாலையில் கம்பெனி வண்டி வந்துவிடும். மதுவை அந்த நெரிசலில் தனியே விட முடியாது. "வீட்டுக்குள்ள என்னை அதட்டற சத்தத்துல பாதி வெளிய வந்தாப் போதுமுங்க" என்றாள் சுமதி. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை, ஆட்டோ ஸ்டாண்டுக்கு இருபதடியில் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்: "மணி, உக்காரு." சத்தமாக. மணி உட்கார்ந்தது! சுற்றிலும் வண்டி, மாடு, மூட்டை, நடுவில் அது என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கோழித் துண்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆட்டோ டிரைவர் வேகமாக வந்து, "என்ன சார், தமிழா?" என்றார்.

கயிறு என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நான் சுற்றியது எனக்குத் தெரியாது. மணி அவர் கையில் கடித்துவிட்டது. ஆழமில்லை, ஆனாலும் இரத்தம் வந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயடியில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் ஊசி போட வைக்கும்போதுதான் அவர் முழுதாகப் பேசினார். "எங்க அம்மா சேலம் சார். அவங்க போனப்புறம் தமிழ்ல பேச யாருமில்ல. உங்க வாயில கேட்டதும் ஓடி வந்துட்டேன்." ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே அவர் சிரித்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. இத்தனை வருடம் பயந்த கேள்வி கடைசியில் வந்தபோது, அதைக் கேட்டவர் இவர்.

சாவித்ரம்மாவுக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. அவர் கீழே இறங்கி வரவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. கொளத்தூரில் இருக்கும் சுமதியின் தம்பி செந்திலுக்குப் போன் செய்தேன். மறுநாள் வாடகைக் காரில் மணியை ஏற்றினோம். மது வரவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதேஸ்வரன் மலையைச் சுற்றி இறங்கினோம். மாநில எல்லையில், பாலாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தவர், "நாயா? போங்க போங்க" என்று கையை ஆட்டினார். எல்லையைத் தாண்ட அதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

கொளத்தூர் பஸ் நிறுத்தத்துக் கடையில் செந்தில் காத்திருந்தான். சந்தை நாள், நல்ல கூட்டம். லாரி ஹாரன், ஆடு ஓட்டிப் போகிறவர்கள், மைக்கில் ஏதோ விளம்பரம். நான் காரை விட்டு இறங்கி அவனிடம், "என்றா மாப்ள, வீட்ல எல்லாரும் எப்பிடி இருக்கறாங்க?" என்றேன். என் குரல் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது, அவ்வளவு சத்தம். மணியை இறக்கினேன். நாலு பேர் சூழ்ந்துகொண்டு தலையைத் தடவினார்கள். "உக்காரு" என்றேன். உட்கார்ந்தது. கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது. "அட, எவ்வளவு சாதுவா இருக்குதுங்க மாமா! இதையா கடிக்குதுன்னீங்க?" என்றான் செந்தில். நான் கயிற்றை அவன் கையில் கொடுத்து, மணியிடம் "இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அது எழுந்து ஓடி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு மாதமாக நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தது, கார் திரும்பும் வரை என்னைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தது.

சாவித்ரம்மாவின் பேரன் வந்துவிட்டான். மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்குகிறான். மது அவனோடு கன்னடத்தில் விளையாடுகிறாள். என்னிடம் மட்டும் கேட்டதற்குத்தான் பதில். நேற்று சாயங்காலம் நோட்டுப் புத்தகம் வாங்க அவளை மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன். கூட்டமாக இருந்ததால் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிரே ஒருவர் வந்து ஒரு மருந்துக் கடைக்கு வழி கேட்டார். நானும் சொன்னேன், நல்ல கன்னடத்தில், சிரித்த முகத்தோடு. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மது நின்றுவிட்டாள். கீழே குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள்.

"கை நோய்தா இதே, அப்பா" என்றாள்.

கை வலிக்கிறது என்று. கேட்டுக்கு வெளியே எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேனோ, அப்படியே, சின்னக் குரலில். அவள் விரல்களை நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.